பாடம் புகட்ட நினைக்கும் ஓட்டுநர்

கேள்வி: எனக்கு வயது 38. வீட்டிலோ அலுவலகத்திலோ நான் குரலை உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுகிறேன். முன்னால் போகிறவர் வழிவிடாவிட்டால் ஹை பீம் அடித்தபடி ஒட்டிக்கொண்டே போவேன். யாராவது குறுக்கே புகுந்தால் விரட்டிப் பிடித்து, முந்தி, அவருக்கு முன்னால் போய் பிரேக் அடிப்பேன். போன மாதம் அப்படிச் செய்தபோது அந்த ஆள் எங்களைத் துரத்தி வந்து, காரை மறித்து, இரும்புக் கம்பியோடு இறங்கிவிட்டார். மனைவியும் 9 வயது மகளும் வண்டியில் இருந்தார்கள். பக்கக் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து மகள் நெடுஞ்சாலைப் பயணம் என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். இது ஏதாவது மனநோயா? கோபத்தை எப்படி அடக்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். முதலில் தவறு செய்தது அவர்தான். ஒவ்வொரு முறையும் நானேதான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதற்குள் அடங்கியவை.

ஆம், முதலில் தவறு செய்தவர் அவர்தான். இடமில்லாத இடத்தில் வண்டியை நுழைப்பது ஆபத்தான செயல். அதைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வந்ததும் இயல்புதான். ஒரு வண்டி திடீரென்று முன்னால் வந்து விழுந்தால் நெஞ்சு படபடக்கும், கை ஸ்டியரிங்கை இறுக்கும், உடம்பு முழுக்கச் சூடேறும். முதல் நொடியில் அது வெறும் பயம். அடுத்த நொடியில்தான் கோபமாக மாறுகிறது. இதுவரை உங்கள் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டினீர்கள். பக்கத்துத் தடத்தில் இடம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தீர்கள். தடம் மாறினீர்கள். அவரை எட்டிப் பிடித்து, தாண்டி, மறுபடி அவருடைய தடத்துக்கே வந்து, தூரத்தைக் கணக்குப் பார்த்து பிரேக்கை மிதித்தீர்கள். இதற்கெல்லாம் ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். நிதானம் முழுக்கத் தப்பிய ஒருவரால் இவ்வளவு வரிசையாக ஒரு காரியத்தைச் செய்ய முடியாது. அவருக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள், அதைச் சுத்தமாகச் செய்தும் முடித்தீர்கள். கோபத்தை எப்படி அடக்குவது என்று என்னைக் கேட்கிறீர்கள். இந்த வாத்தியார் வேலையை எப்போது விடப்போகிறீர்கள் என்று நான் உங்களைக் கேட்கிறேன்.

'அந்த நேரத்தில் என்னால் கட்டுப்படுத்தவே முடியவில்லை' என்று என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் சொல்வார்கள். உங்களுக்குக் குறுக்கே புகுந்தது போலீஸ் வாகனமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். 1968-இல் ஆன்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனை இதைத்தான் காட்டியது. சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் நகராமல் ஒரு காரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, பின்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். நின்றது பளபளக்கும் விலையுயர்ந்த காராக இருந்தபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஹாரன் அடித்தார்கள். பழைய, மலிவான காராக இருந்தபோது ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அடித்தார்கள், அதுவும் சீக்கிரமாகவே. தாமதம் இரண்டிலும் ஒன்றுதான். கோபம் ஆள் பார்த்து வருகிறது என்றால் அதற்குக் கண்ணும் கணக்கும் உண்டு என்று அர்த்தம். உங்களுக்கு இது நல்ல செய்தி. கணக்குப் போடத் தெரிந்ததை மாற்றவும் முடியும்.

மனநோயா என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. சின்னக் காரணத்துக்கும் அளவு மீறி வெடித்து, பொருளை உடைத்து, ஆளை அடிக்கும் வரை போகிற ஒரு கோளாறு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சாலையோடு நிற்காது. வீட்டிலும் வேலையிலும் தலைகாட்டும். அங்கெல்லாம் நிதானமாக இருக்கும் நீங்கள் சாலையில் மட்டும் மாறுகிறீர்கள் என்றால், சாலை சார்ந்த ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரி டெஃபன்பாக்கர் ஓட்டுநர்களின் கோபத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அதிகம் கோபப்படும் ஓட்டுநர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தூரம்தான் ஓட்டுகிறார்கள் என்று அவர் குழு கண்டது. ஆனாலும் முதல் வகையினருக்குக் கோபம் வந்த தடவைகள் மிக அதிகம். மோசமான ஓட்டுநர்கள் எல்லாரும் உங்களுக்கென்றே தேடி வந்து குறுக்கே விழுவதில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் விழுகிறார்கள்.

சரி, வீட்டில் சாதுவாக இருப்பவர் சாலையில் ஏன் மாறுகிறார்? நடைபாதையில் இரண்டு பேர் இடித்துக்கொண்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். ஒரு அரைச் சிரிப்பு, ஒரு 'மன்னிக்கணும்', அதோடு முடிந்தது. காரில் அந்த முகம் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் ஒரு பின்பக்கமும் ஒரு நம்பர் பிளேட்டும்தான். மன்னிப்புக் கேட்க ஹாரனில் தனி ஒலி கிடையாது. நன்றி சொல்வதும் திட்டுவதும் ஒரே விளக்கைத்தான் மின்ன வைக்கின்றன. அவர் என்ன நினைத்தார் என்று தெரியாத இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம், பெரும்பாலும் கெட்டதாகவே. நாம் குறுக்கே புகுந்தால் 'திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது, வேறு வழியில்லை'. அவர் புகுந்தால் 'திமிர்'. தன் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணமாகக் காட்டும் இந்த வழக்கம் எல்லா மனிதருக்கும் உண்டு. முகம் தெரியாத இடத்தில் அது கூடுதலாக வேலை செய்கிறது.

இதோடு இன்னொரு விஷயமும் சேரும். ஒரு கோபத்தில் கிளம்பிய உடல் கொதிப்பு அந்தக் கோபம் மறந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் தங்கியிருக்கும். அதற்குள் அடுத்த சின்ன உரசல் வந்தால் பழைய கொதிப்பும் சேர்ந்துகொண்டு பெரிதாக வெடிக்கும். காலையில் மேலதிகாரி சொன்னதை மாலையில் ஒரு லாரிக்காரர் வாங்கிக் கட்டிக்கொள்வது இப்படித்தான். தூக்கம் குறைந்த நாள், பசி, தாமதமாகக் கிளம்பியது, எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். உங்களுக்குக் கோபம் அதிகமாக வந்த பயணங்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நேரம் தப்பிப் போயிருந்த பயணங்கள்?

சாலை நம்மை ஏமாற்றவும் செய்கிறது. நெரிசலில் பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாகப் போவதாகத் தோன்றும். டொனால்ட் ரெடெல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இரண்டு தடங்களும் சராசரியாக ஒரே வேகத்தில் போனாலும், நாம் மற்றவர்களைத் தாண்டுவது சட்டென்று முடிந்துவிடும், ஏனென்றால் அவர்கள் அப்போது நெருக்கமாக நிற்கிறார்கள். அவர்கள் நம்மைத் தாண்டும்போது இடைவெளி விட்டு, மெல்ல மெல்லத் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். தாண்டப்படும் நேரம் நீளமானது. போதாததற்கு, நாம் தாண்டியவர்கள் பின்னால் மறைந்துவிடுகிறார்கள். நம்மைத் தாண்டியவர்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் நம்மை முந்துகிறார்கள் என்ற எரிச்சல் இப்படி ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்கிறது. முன்னால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே வழியை அடைக்கிறார் என்ற நினைப்புக்கும் இதே கதிதான். 2008-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை ஏதுமில்லை, விபத்தில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் உருவாகி, அலைபோலப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. முன்னால் இருப்பவரை ஒட்டிப்போய் ஹை பீம் அடிக்கும் நீங்கள், பெரும்பாலும் அவரும் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு அலைக்காக அவரைத் தண்டிக்கிறீர்கள்.

இனி ஒட்டிப்போவதையும் பிரேக் அடிப்பதையும் பார்ப்போம். இங்கே உளவியலை விடக் கணக்கு முக்கியம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறீர்கள். முன்னால் நடப்பதைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு விழிப்பாக இருப்பவருக்கே ஒரு நொடி முதல் ஒன்றரை நொடி ஆகும். 15 மீட்டர் இடைவெளியில் ஒட்டிப்போகிறவர் கையில் வைத்திருப்பது அரை நொடிக்குச் சற்றே அதிகம். மீதியை முன்னால் போகிறவரின் நல்ல மனசிடம் கடன் வாங்கியிருக்கிறார். அவரையே ஹை பீம் அடித்து எரிச்சலூட்டவும் செய்கிறார்! உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு, 100-இல் வருகிற கார் முழுக்க நிற்க, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 95 மீட்டர் வேண்டும். விரட்டிப் பிடிக்க வேகத்தை 120 ஆக்கினால் அது 130 மீட்டரை நெருங்கும். இன்னொரு விதமாகச் சொன்னால், 100-இல் வந்தவர் முழுக்க நின்றுவிட்ட அதே இடத்தை 120-இல் வந்தவர் தாண்டும்போது அவர் வேகம் இன்னும் 75 கிலோமீட்டருக்குமேல் இருக்கும். ஈரச் சாலையிலும் தேய்ந்த டயரிலும் கணக்கு இன்னும் மோசம்.

முந்திப் போய் பிரேக் அடிப்பது இதைவிடக் கொடியது. அவருக்கு 10 மீட்டர் முன்னால் நுழைந்து பலமாக பிரேக்கை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 10 மீட்டரில் பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சத்தை அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஈடுகட்ட முடியாது. ஒன்று, உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் பின்னிருக்கையில் வந்து மோதுவார். அல்லது ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவார். அந்த வேகத்தில் திருப்பினால் வண்டி உருளலாம், அல்லது இந்தச் சண்டையில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பைக்கை இடிக்கலாம். அவருக்குப் பின்னால் சுமை ஏற்றிய லாரி வந்தால், அது நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். நீங்கள் நடத்தும் பாடத்துக்குக் கட்டணம் கட்டுகிறவர் யார் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது.

கோபத்தோடு ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் அளவும் இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,500-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் வண்டிகளில் கேமரா பொருத்திப் பதிவான விபத்துகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். கையில் கைபேசியோடு ஓட்டியபோது விபத்து வாய்ப்பு, கவனச் சிதறல் இல்லாத நிலையைவிட 3.6 மடங்கு. கோபம், அழுகை போன்ற வெளிப்படையான கொந்தளிப்பில் ஓட்டியபோது ஏறக்குறைய 10 மடங்கு. கைபேசியைத் தொடாமல் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் கோபத்தில் ஓட்டுவதை வீரமாகவே சொல்வார்கள்.

இப்போது 'நானேதான் விட்டுக்கொடுக்க வேண்டுமா' என்பதற்கு வருவோம். விட்டுக்கொடுத்தால் எவ்வளவு நஷ்டம்? நீங்கள் முன்வண்டியிலிருந்து இரண்டு நொடி இடைவெளி விட்டு ஓட்டுகிறீர்கள். அந்த இடைவெளியில் ஒருவர் புகுந்துவிடுகிறார். கொஞ்சம் வேகத்தைக் குறைத்து அவரிடமிருந்து மறுபடி இரண்டு நொடி விடுகிறீர்கள். நஷ்டம் சுமார் இரண்டு நொடி. ஒரு பயணத்தில் 15 பேர் அப்படிப் புகுந்தாலும் மொத்தம் அரை நிமிடம். நம்மை அவமானப்படுத்திவிட்டதாக நாம் கொதிப்பதெல்லாம் இந்த இரண்டு நொடிக்காக. வேகத்தால் வரும் லாபமும் பெரிதல்ல. 60 கிலோமீட்டர் தூரத்தை 100-இல் போனால் 36 நிமிடம், 120-இல் போனால் 30. ஒரு தடங்கலும் இல்லாமல் 120-ஐ விடாமல் பிடித்தால்தான் அந்த ஆறு நிமிடமும். வண்டிகள் நிறைந்த சாலையில் அது நடக்காது.

என்ன செய்யலாம்? கிளம்பும் நேரத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. நான் சொல்பவற்றில் இதுதான் மிகச் சாதாரணமானது, அதிகம் பலன் தருவதும் இதுதான். 15 நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். அவசரம் இல்லாதவருக்குக் குறுக்கே வருகிறவர் வெறும் குறுக்கே வருகிறவர்தான், எதிரி அல்ல. அப்புறம், முந்திச் செல்லும் தடத்தில் குடியிருக்காதீர்கள். முந்தி முடித்ததும் வழக்கமான தடத்துக்குத் திரும்பிவிட்டால் உங்கள் சண்டைகளில் பாதி நடக்கவே வழியிருக்காது.

யாராவது புகுந்த அந்த முதல் நொடிக்கு ஒரே ஒரு உடல் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே எடுங்கள், ஸ்டியரிங்கை இறுக்கிய விரல்களையும் தளர்த்துங்கள். மனம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கால் எடுபட்டுவிட்டால் துரத்தல் தொடங்க முடியாது. கோபம் இல்லாத சாதாரண நேரங்களிலும், யாராவது முறையாகவே தடம் மாறி முன்னால் வரும்போதுகூட, இதைச் செய்து பழகுங்கள். கோபம் வந்த பிறகு புதிதாக எதையும் கற்க முடியாது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே வாய்விட்டுத் திட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆறாது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கூடுதல் கோபத்தோடும் மூர்க்கத்தோடும்தான் எழுந்தார்கள். திட்டுவது கோபத்துக்கு ஒத்திகை. வண்டியில் குழந்தை இருந்தால் அது பாடமும்கூட. பெற்றோர் ஓட்டும் பாணிக்கும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓட்டும் பாணிக்கும் தொடர்பு இருப்பதை இஸ்ரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டுநர் பயிற்சி 18 வயதில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம், பின்னிருக்கையில் அது எப்போதோ தொடங்கிவிடுகிறது.

மனைவியோடும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து 'மெதுவா போங்க' என்றால் உங்களுக்கு அது எண்ணெய்தான், தெரியும். ஆகவே முன்கூட்டியே ஒரு வாசகத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், 'எனக்கு இறங்கணும்' என்பதுபோல. அவர் அதைச் சொன்னால் வாதமில்லை, விளக்கமில்லை. அடுத்த பாதுகாப்பான நிறுத்தத்தில் வண்டி நிற்க வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரிந்தால் மீதித் தூரம் அவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும்.

மகளைப் பற்றி. வயிற்று வலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். அந்த வயதில் பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும். அவளிடம் நேராகப் பேசுங்கள். 'அந்த மாமா கெட்டவர்' என்பதில் தொடங்காமல், 'அப்பா அன்று பிரேக் அடித்தது தப்பு, இனிமேல் அப்படி ஓட்ட மாட்டேன்' என்பதில் தொடங்குங்கள். அவளுக்குப் பயம் அந்தக் கம்பியைப் பற்றி மட்டும்தானா, உங்களைப் பற்றியும்தானா என்பது அப்போது உங்களுக்கே தெரியவரும். பிறகு சின்னச் சின்னத் தூரங்களுக்கு அழைத்துப் போங்கள், அவள் கேட்டால் திரும்பிவிடுங்கள். சில வாரங்களில் வலி குறையாவிட்டால் குழந்தைகளுக்கான உளவியலாளரைப் பாருங்கள். உங்களுக்கும் அதுவே பொருந்தும். ஓட்டும்போது வரும் கோபத்துக்கென்றே தளர்வுப் பயிற்சியும் எண்ணங்களை மாற்றும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை இருக்கிறது, ஆய்வுகளில் அது பலன் தந்தும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் முயன்றும் ஒருமுறையாவது மறுபடி துரத்தினீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நீங்கள் எதுவுமே செய்யாமல் இருக்கும்போதும் யாராவது உங்களைத் துரத்தலாம். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், சைகை செய்யாதீர்கள், அவரை முந்தவிட்டு விலகுங்கள். விடாமல் வந்தால் சாலையோரம் நிறுத்த வேண்டாம், வீட்டுக்கும் போக வேண்டாம், போனால் முகவரியைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கோ போங்கள். உடன் இருப்பவர் போலீஸுக்கு அழைக்கட்டும். மறித்து நிறுத்திவிட்டால் கதவுகளைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, உள்ளேயே இருங்கள். பேசித் தீர்க்கலாம் என்று இறங்காதீர்கள், கம்பியோடு நிற்கிறவரிடம் பேச எதுவுமில்லை.

போன மாதச் சம்பவத்துக்கு நீங்கள் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் கொடுங்கள். கம்பியால் கண்ணாடியை உடைத்தது குற்றம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் முந்திப் போய் பிரேக் அடித்ததையும் புகாரில் சேர்த்தே எழுதுங்கள். விசாரணையில் அவர் அதை எப்படியும் சொல்லத்தான் போகிறார்.